ஏலேலோ வைத்தியம்

தபால் போகாத ஊருக்குப் போய்விட்ட உனக்கு,

இன்று காலை உன் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தேன். மழை விட்டு நாலு நாளாக வெயில் அடிக்கிறது. பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடப் போகிறதே என்ற கவலை. மூடியைத் தூக்கியதும் உன் வாசனை மொத்தமும் மூக்கில் ஏறியது. தையல் மெஷின் எண்ணெய், பர்மாச் சுருட்டு, பூச்சி உருண்டை. கூடவே ஒரு கரப்பான் பூச்சியும் வெளியே வந்தது. அது உன் காலத்ததா, பிறகு குடியேறியதா தெரியவில்லை. துருத்தியை லேசாக ஓர் அழுத்து அழுத்தினேன். அவ்வளவுதான், மூன்றாவது கறுப்புக் கட்டை யாரும் தொடாமலே 'ஙீ' என்று அழ ஆரம்பித்துவிட்டது. மருந்துச்சாலை ஜன்னலில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். நீ உயிரோடு இருந்து வாசித்தபோதும் இதேதானே நடக்கும் என்று சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. சீசாவில் லேபிள் ஒட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இந்தக் கடிதத்தை நீ இருக்கும்போதே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் "கம்பவுண்டரே, கடைசியில் ஒத்துக்கிட்டியா!" என்று ரங்கூனில் நம் போட்டாதாங் பேட்டை முழுக்கத் தமுக்கடித்திருப்பாய். அதற்குப் பயந்துதான் எழுதவில்லை. இப்போது பயமில்லை, எழுதுகிறேன்.

அந்த நாளில் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் இந்த மருந்துச்சாலையின் மூன்று பெரிய சீசாவுக்குள் அடக்கம்: சிவப்பு மிக்சர், வெள்ளை மிக்சர், கசப்பு மிக்சர். இந்த மூன்றிலும் கேட்காத நோய், நோயாளியின் கற்பனை என்பது என் கொள்கை. நீ ஸ்ட்ராண்டு ரோட்டில் கப்பல் ஜெட்டிக்கு எதிரே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு சட்டை தைத்தவன். துணி இருந்தால் மெஷின், துணி இல்லாவிட்டால் ஆர்மோனியம். உன்னிடம் துணி கொடுத்தவர்கள் சட்டைக்காகக் கொடுத்தார்களா, உன் கைக்கு வேறு வேலை வைப்பதற்காகக் கொடுத்தார்களா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஊரிலிருந்து வந்த ஒரு நாடகக் கம்பெனிக்கு ஒரே ஒரு நாள் வாசித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ராஜா வேஷக்காரர் பாதிப் பாட்டில் மேடையை விட்டு இறங்கி வந்து, உன் பெட்டியைத் தானே மூடிவிட்டு, மறுபடி மேடையேறி மீதிப் பாட்டைப் பாடினார். ஜனங்கள் கைதட்டினார்கள். நீ அதை உனக்கு என்று எடுத்துக்கொண்டாய்.

உன் வாத்தியத்தை ரங்கூனில் வெளிப்படையாகப் பழித்த ஒரே மனுஷர் சுடலைமுத்து மேஸ்திரி. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பழித்தார்கள். அவர் பாட்டிலேயே வைத்துப் பழித்தார். ஜெட்டியில் அவருக்குக் கீழே அறுபது பேர். கப்பலிலிருந்து கனத்த சாமான் இறங்கும்போது கயிற்றின் முன்னால் நின்று அவர் ஓர் அடி பாடுவார். அறுபது பேரும் 'ஏலேலோ' என்று சொல்லி இழுப்பார்கள். அடுத்த அடி பாடுவார். 'ஐலசா' என்று இழுப்பார்கள். அந்தப் பாட்டுக்கு முன்கூட்டி எழுதி வைத்த வரி கிடையாது. அந்த நேரத்தில் எவன் கண்ணில் படுகிறானோ அவன் பாட்டில் விழுவான். துரை விழுவார், கடலை விற்கிறவன் விழுவான், வழியில் போகும் மாடு விழும். நீ எதிர்க்கடையிலேயே உட்கார்ந்திருந்ததால் தினமும் விழுந்தாய். முதல் அடியில் உன் பெயரை ஒரு முழ நீளத்துக்கு இழுப்பார். அப்புறம் இப்படிப் போகும்:

பெட்டியத் தூக்கி வாறாரு — ஏலேலோ
பக்கத்துக் காக்கா பறக்குது — ஐலசா
காதப் பொத்தக் கையி வேணும் — ஏலேலோ
கயித்த யாரு இழுக்கிறது — ஐலசா

இதைக் கேட்டு நான் சிரித்தால் உனக்கு என் மேலும் கோபம் வரும். "அந்த ஆளு இருமலுக்கு மருந்துன்னு வந்தா, பேதி மருந்தக் கலந்து குடுத்துருடா" என்று என்னிடம் எத்தனை தரம் கெஞ்சியிருக்கிறாய்! நான் தொழில் தர்மம் பேசினேன். உண்மையில், அந்த மனுஷர் அப்படி ஒரு நாள் ஜெட்டிக்கு வராமல் போனால் எனக்குப் பொழுது போகாது.

ஒரு நாள் அவர் வரவில்லை. முந்தின நாள் கயிற்றைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. வாயும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வாய் போய்விட்டது என்றால் முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. 'சரிதான்.' ஜெட்டியில் யார் என்ன செய்தாலும் சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்த மனுஷருக்கு, இருக்கிற சொற்களிலெல்லாம் அந்தச் சொல்லா மிஞ்ச வேண்டும்?

தண்ணீர் வேண்டுமா என்றால் 'சரிதான்'. தண்ணீரைக் கொடுத்தால் அதைத் தட்டிவிட்டு 'சரிதான்!'. உங்கள் பெயர் என்ன என்றால் 'சரிதான்'. தலையாட்டலும் மாறிப் போயிருந்தது. ஆமாம் என்பதற்குப் பதில் இல்லை என்று ஆட்டுவார், இல்லை என்பதற்குப் பதில் ஆமாம் என்று ஆட்டுவார். சவரம் செய்ய வந்தவர் பேச்சுவாக்கில் "மீசையையும் எடுத்துறலாமா மேஸ்திரி, எச்சி வழியுது பாருங்க" என்று கேட்டிருக்கிறார். "சரிதான்!" என்று இவர் கர்ஜித்திருக்கிறார். எடுத்துவிட்டார். போட்டாதாங்கில் ஒரு கலங்கரை விளக்கம் மாதிரி நின்ற மீசை, அரை நிமிஷத்தில் கிண்ணத்தில் கிடந்தது. கண்ணாடியைப் பார்த்த மேஸ்திரி, கண்ணில் நீர் வழிய, 'சரிதான், சரிதான், சரிதான்' என்று அந்த மனுஷரை கட்டிலில் இருந்தபடியே இடது கையால் எட்டி எட்டி அடிக்கப் பார்த்தாராம்.

மீசையாவது மறுபடி முளைக்கும். அடுத்து வந்தது முளைக்காத விஷயம். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் ஆறுமுகம் கப்பலேறி வந்தார். நல்ல மனுஷர், தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதவர். அழுது முடித்து, "தம்பி, ஊருக்குப் போயிருவோமாடா? நம்ம வீட்ல வச்சு நான் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டார். மேஸ்திரி அண்ணன் முகத்தைப் பார்த்து, பலமாகத் தலையை ஆட்டி, "சரிதான்!" என்றார். அண்ணன் மறுநாளே அடுத்த மாதக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். இரண்டு. மூன்று அல்ல.

மூன்றாவது ஆள் மா சேன். பர்மாக்காரி, கியாக்தான் ஊர். ஜெட்டி வாசலில் மோஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேவை விற்றவளை மேஸ்திரி கட்டிக்கொண்டு பதினான்கு வருஷம். அவளுக்கு ஊரிலே இடமில்லை என்று அண்ணன் சொல்லவில்லை. அப்படி ஒருத்தி இருப்பதையே அவர் பேச்சில் கொண்டுவரவில்லை.

மா சேன் உன் கடைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். மேஸ்திரியின் சட்டை ஆறையும் கொண்டுவந்து, பொத்தானையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளும்படி நாடா வைத்துத் தரச் சொன்னாள். கன்னத்தில் பட்டையை அரைத்துப் பூசிய தனக்காப் பூச்சில் இரண்டு கோடு கண்ணீர் வழிந்த தடம். "அகோ போறேன் சொல்லலே ஸயா. வாயி பொய்யி சொல்லுது. கண்ணப் பாத்தா தெரியும்" என்றாள். அகோ என்று அவள் சொன்னது மேஸ்திரியை; ஸயா என்று சொன்னது உன்னையும் என்னையும். நீ அந்தச் சட்டையை மடியில் விரித்து, அதன் மார்பளவைக் கையால் அளந்து பார்த்தாய். "இந்த நெஞ்சிலேருந்துதானே என் பேரு வரும்" என்றாய். அப்புறம் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து, அண்ணனைப் பார்க்கப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன், நீ அடி வாங்கினால் அயோடின் போடலாமே என்று.

அண்ணன் நீ சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். "என் தம்பி வாயாலயே 'வரமாட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லட்டும்யா. நான் ஒத்தையா கப்பலேறிருதேன். அவன் சரிங்கான், நீங்க இல்லங்கிய. நான் யாரு சொல்லக் கேக்கது?" என்றார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. கப்பலுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

ராகத்தால் நோய் தீரும் என்று நீ எங்கேயோ படித்திருந்தாய். மறுநாள் முதல் என் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆர்மோனியத்தின் ஒரு பக்கத்தை நானும் மறு பக்கத்தை நீயுமாகத் தூக்கிக்கொண்டு ஜெட்டி ஓரத்து மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். பக்திக் கீர்த்தனைகள்தான் மருந்து என்று முடிவு செய்தாய். காய்ச்சல்காரன் பத்தியம் மாதிரி உயர்ந்த பாட்டுதான் உடம்புக்கு ஆகும் என்று நம்பினாய். நம் ஜனங்களில் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எட்டு நாள் வாசித்தாய். மேஸ்திரி கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓடிப் போகக் காலில்லை. ஒவ்வொரு கீர்த்தனை முடிவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு 'சரிதான்' என்பார். நீ திரும்பி என்னைப் பார்த்து, "பாத்தியாடா? இருபது வருஷத்துல என் சங்கீதத்துக்குச் சரிதான்னு சொன்ன மொத மனுஷன்" என்று பூரித்தாய். எனக்கு அந்த எட்டு நாளும் நோயாளியின் மேல்தான் இரக்கம்.

ஒன்பதாம் நாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரி வீட்டு வாசற்படியில் கால் வைத்தோம். எதிரே ஜெட்டியில் ஏதோ பெரிய இரும்புச் சாமான் இறங்குகிறது. மேஸ்திரியின் இடத்தில் நின்ற புது ஆள், உன்னைக் கண்டதும் பழக்க தோஷத்தில் உன் பெயரை நீட்டினான். பெட்டியத் தூக்கி வாறாரு, ஏலேலோ. பக்கத்துக் காக்கா பறக்குது, ஐலசா. காதப் பொத்தக் கையி வேணும், ஏலேலோ. அங்கே வந்ததும், நோயாளி வீட்டு வாசலில் நிற்கிறவனைப் பழிக்கிறோமே என்று அவனுக்குத் தோன்றிவிட்டதோ என்னவோ, நிறுத்திவிட்டான். கயிறு நின்றது. அறுபது பேரும் நின்றார்கள். அந்த அமைதியில், வீட்டுக்குள்ளிருந்து, பழைய குரலில், ஓர் எழுத்துக் கூடச் சிதையாமல் வந்தது:

"கயித்த யாரு இழுக்கிறது!"

ஐலசா என்று பதில் சொல்ல ஜெட்டியில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. நீ உன் பக்கத்துப் பிடியை விட்டுவிட்டாய். ஆர்மோனியம் என் கால் பெருவிரலில் விழுந்தது. மூன்றாவது கறுப்புக் கட்டை சிக்கிக்கொண்டது அப்போதுதான். என் நகம் போனதும் அப்போதுதான். நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருக்க, நீ உள்ளே ஓடி மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தரம் திட்டுங்க மேஸ்திரி, இன்னொரே தரம் திட்டுங்க" என்று அழுதாய். தன்னைத் திட்டச் சொல்லி இப்படிக் கெஞ்சிய மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். இளவயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். தலைக்குள் இடப் பக்கத்தில் பேச்சுக்கு ஓர் இடம் இருக்கிறது. மேஸ்திரிக்கு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது அங்கேதான். பாட்டுக்கு வலப் பக்கமும் சேர்ந்து வேலை செய்கிறது. அதனால் பேச முடியாதவர்களில் சிலரால் பாட முடியும். "முன்வாசல் பூட்டிக் கிடந்தா கொல்லைப் பக்கமாப் போறோமில்லையா, அப்படி வெச்சுக்குங்க" என்றார். "அப்போ உள்ள இருக்கிற சாமானெல்லாம் கொல்லைப் பக்கமா ஒவ்வொண்ணா வெளிய எடுத்துறலாமா?" என்று நீ கேட்டாய். டாக்டர், "மெதுவா எடுங்க. நிலைப்படியில இடிக்கும்" என்றார்.

அன்றைக்குக் கீர்த்தனையை விட்டாய். ஜெட்டியிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்து வீட்டுக் கம்பத்தில் கட்டி, அதன் நுனியை மேஸ்திரியின் இடது கையில் கொடுத்தாய். கயிறு கையில் இருந்தால் பாட்டு சுலபமாக வரும் என்று கண்டுபிடித்தது நீதான். எதிர்ப்பாட்டு வந்தால்தான் அடுத்த அடி வரும் என்று கண்டுபிடித்தது மா சேன். உன்னைத் திட்டுகிற பாட்டின் மெட்டிலேயே தினசரிக்கு வேண்டிய சொல்லைப் போட்டாய். 'தண்ணி வேணும்', ஏலேலோ. 'திண்டு வேணும்', ஐலசா. முதலில் நீயும் அவரும் சேர்ந்து பாட வேண்டும். அப்புறம் நீ பாதியில் வாயை மூடிக்கொள்ள, அவர் முடிக்க வேண்டும். அப்புறம் அவரே தொடங்க வேண்டும். பிறகு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கி, பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்மோனியத்தை நிறுத்தினாய். அதுவே பாதி வைத்தியம் என்று நான் சொன்னேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வீட்டில் பத்து நாள் நடந்ததைப் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். மேஸ்திரி மூத்திரம் போக வேண்டும் என்று பாடுவார். அடுப்படியிலிருந்து மா சேன் 'ஏலேலோ' என்பாள். பக்கத்து வீட்டு வெற்றிலைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'ஐலசா' என்பார். சோற்றில் உப்பில்லை என்பதை மேஸ்திரி நாலு அடியில் பாடியபோது, மா சேன் எதிர்ப்பாட்டுப் பாடிக்கொண்டே கரண்டியை ஓங்கினாள். நானும் மருந்துக் குப்பியோடு போய் நின்று, 'கசப்பு மிக்சர் குடிச்சாச்சா, ஏலேலோ' என்று கேட்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன். எனக்குச் சுருதி ஞானம் கிடையாது. நான் கேட்டால் அவர் 'குடிக்கல, ஐலசா' என்று என்னைத் திருத்திப் பாடுவார்.

ஆனால் அண்ணன் வந்து நின்றால் எல்லாம் போயிற்று. அவர் கேள்வியைப் பேச்சாகத்தான் கேட்பார். "என்னடா தம்பி, போவமா?" மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைக்கும், வாய் கோணும், கடைசியில் பழைய தடத்திலேயே வந்து விழும்: சரிதான். அவருக்கே அது காதில் விழுந்ததும் இடது கையால் வாயில் அடித்துக்கொள்வார். மா சேன் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அண்ணனும் மோசமான ஆளில்லை, வருத்தத்தோடுதான் மூட்டை கட்டினார்.

கப்பல் நாளும் வந்தது. ஜெட்டியில் சனம் நெரிகிறது. அண்ணன் ஒரு தோளில் மூட்டையும் இன்னொரு தோளில் தம்பியுமாகப் படிகளை நோக்கிப் போகிறார். மா சேன் பின்னால் ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். மேஸ்திரியின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கயிற்றோடு நிற்கிறார்கள். நீ ஆர்மோனியத்தோடு தயாராக நின்றாய், சுருதி கொடுத்துப் பாட்டைத் தொடங்கி வைப்பதாகத் திட்டம். துருத்தியை அமுக்கினாய். சிக்கின கட்டை 'ஙீ' என்று அழுதது. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை. கப்பலில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் சாவு வீடோ என்று திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் நின்று கடைசியாக ஒரு தரம் கேட்டார். "தம்பி, மனசு ஒப்பித்தானே வாறே?"

"சரிதான்" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது நீ செய்த காரியத்தை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே ஏறி நின்றாய். ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி, உன்னைப் பழிக்கிற பாட்டை நீயே பாடினாய், உன் பெயரை நீயே இழுத்து! அந்த மெட்டில் நாலு சுரம்தான். நாலையும் நீ தப்பாகப் பிடித்தாய். உன் குரல் அப்படிப்பட்ட குரல். மேஸ்திரியின் முதுகு முதலில் விறைத்தது. அப்புறம் திரும்பினார். தன் பாட்டை ஒருவன் தன் கண்ணெதிரே கொலை செய்வதை எத்தனை நேரம்தான் அவர் பொறுப்பார்? பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த கயிற்றை இடது கையால் பிடுங்கிக்கொண்டு, சரியான மெட்டில், சரியான சுருதியில், உன் பெயரைப் பாடினார். அறுபது பேரும் 'ஏலேலோ' என்றார்கள். பாட்டு உன்னோடு நிற்கவில்லை. கண்ணில் படுகிறவன்தானே அதில் விழுவான்? அவர் கண் அண்ணன் மேல் போனது.

அண்ணன் வந்தான் கடலத் தாண்டி — ஏலேலோ
அள்ளிக் கட்டிக் கொண்டு போக — ஐலசா
போகமாட்டேன் போகமாட்டேன் —

இங்கே கூட்டம் அண்ணன் முகத்தையே பார்த்தது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் அவருக்கு அடுத்த அடி வராது. வாய் அசைகிறது, சத்தமில்லை. பின்னாலிருந்து மா சேன், இடுப்பு ஜாடியோடு, தன் பாஷையில் உரக்கச் சொன்னாள்: "மத்வாபூ!" போகமாட்டார் என்று அர்த்தம். மெட்டுக்கு அது ஏலேலோவைப் போலவே பொருந்தியது. மேஸ்திரி மூச்சை இழுத்தார்.

பொஞ்சாதிய விட்டுப்புட்டு — ஏலேலோ
போகமாட்டேன் அண்ணாச்சி — ஐலசா

அண்ணன் மூட்டையைக் கீழே வைத்தார். சுற்றிப் பார்த்தார். "பாடுதானே ஒழிய, பேசலியே. பாட்டு வாய்ச்சொல்லாகுமா?" என்று பொதுவாகக் கேட்டார். கூட்டத்தில் மூத்த ஆள் ஒருவர், "மூக்காலயா பாடுதான்? வாயாலதான பாடுதான்?" என்றார். அண்ணன் அதையும் யோசித்தார். தம்பியைப் பார்த்தார், முதல் முறையாக மா சேனை நேராகப் பார்த்தார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிதான்" என்றார்.

மா சேன் ஜாடியை அவர் கையில் கொடுத்தாள். கியாக்தானிலிருந்து வரவழைத்த ஞாப்பி. அவள் வீட்டு மீன் விழுது. உறவுக்காரருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். கப்பலில் அந்த வாசனையால் அண்ணனைச் சுற்றி நாலு பேர் படுக்கிற இடம் காலியாகக் கிடந்ததாம். சௌகரியமாகக் கால் நீட்டி ஊர் வந்து சேர்ந்தேன் என்று கடிதம் போட்டார். அதில் மா சேனையும் விசாரித்திருந்தார்.

அதற்கப்புறம் உனக்குத் தலைக்கனம் வந்ததையும் எழுதாவிட்டால் இது உன் கதையாகாது. தையல் பலகைக்குப் பக்கத்தில் 'சங்கீத வைத்தியர்' என்று பலகை தொங்கவிட்டாய். பல்வலிக்காரனுக்குப் பாடினாய், அவன் இன்னொரு பக்கமும் வலிக்கிறது என்று என்னிடம் ஓடிவந்தான். குளிர் ஜுரக்காரனுக்குத் தாளம் போட்டாய். அவன் நடுங்கினதை, தாளத்துக்கு ஆடுகிறான் என்றாய். நான்தான் அவனுக்குக் கொயினா மருந்து கொடுத்தேன். ஆனால் கை நடுங்கி, நடந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு கிழவருக்கு நீ மெஷின் பலகையில் தாளம் தட்டினபோது, அவர் பட்டாளத்துக்காரர் மாதிரி தெருக்கோடி வரை நடந்தார். தாளத்தை நிறுத்தினதும் அவரும் நின்றுவிட்டார். அன்றைக்கு நீ அந்தச் 'சங்கீத வைத்தியர்' பலகையை எடுத்துவிட்டாய். "பாட்டு நோயத் தீக்கலடா. பூட்டிக் கிடக்கிற எடத்துக்கு வேற வழி காட்டுது, அவ்வளவுதான். அதுவும் அவங்க பாட்டா இருக்கணும். என் பாட்ட யாரு கேட்டா?" என்றாய்.

போன வருஷ மழைக்காலத்துக் காய்ச்சல் பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மூன்று சீசாவும் கைவிட்டன. அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை. சுடுகாட்டு வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அங்கே பதிவேட்டோடு ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். "இறந்தவர் பேரு?" என்று கேட்டார். இருபது வருஷமாக உன்னோடு ஒரே அறையில் குடியிருந்தவன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முந்தின நாள் மாலை நீ போனதிலிருந்தே எனக்குப் பேச்சில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுத்தர் மறுபடி கேட்டார். தொண்டையில் ஒரு கட்டை சிக்கிக்கொண்டு நிற்கிறது. மேஸ்திரி தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் இப்போது எல்லாம் பேசுவார், கொஞ்சம் இழுத்துப் பேசுவார். மீசையும் பழையபடி வந்துவிட்டது. ஆனால் உன் பெயர் மட்டும் அவருக்குப் பேச்சில் வருவதே இல்லை. அது பாட்டில்தான் குடியிருந்தது. அவர் தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, பாடையின் கயிற்றை இடது கையால் பிடித்துக்கொண்டு, உன் பெயரை ஒரு முழ நீளத்துக்குப் பாடினார். பாடையைத் தூக்கி வந்தவர்கள் ஜெட்டி ஆட்கள். அவர்களுக்கு வேறு பழக்கம் தெரியாது. ஆறு பேரும் அழுதபடியே 'ஏலேலோ' என்றார்கள்.

எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஏலேலோவையும் சேர்த்து எழுதணுமா?"

"எழுதுங்க" என்றேன். அதுதான் உனக்கப்புறம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவர் எழுதினாரா இல்லையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி அடுத்த அடியைத் தொடங்கிவிட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஐலசா என்று நான் சொன்னது சுருதியில் இல்லை. அவர் திருத்தவில்லை.

இப்போதும் ஜன்னல் பக்கம் வந்து என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறவர்களிடம் நான் உடனே சீசாவை எடுப்பதில்லை. நீங்க என்ன பாட்டுப் பாடுவீங்க என்று கேட்கிறேன். புதுக் கம்பவுண்டர்கள் எனக்குப் பித்தம் என்கிறார்கள். ஆர்மோனியத்தின் சிக்கின கட்டையை ரிப்பேர் செய்கிறேன் என்று ஒருவர் வந்தார்; வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் மேஸ்திரி மா சேனோடு வந்து, மருந்து வாங்க ஒரு நோயும் இல்லாமல், இந்த ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு உன் பெயரைப் பாடுகிறார். காத்திருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிவப்பு மிக்சரைக் குலுக்கிக்கொண்டே ஏலேலோ சொல்கிறேன்.